கறவைப் பொழுது

மனிதன் ஒரு நாளைக் கூறுபடுத்தி அறிவதற்கு இரு வழிகளைக் கையாண்டு வந்திருக்கிறான். வானத்தை நோக்கி அளப்பது ஒரு வழி. ஞாயிற்றின் ஏற்றமும் இறக்கமும், நிழலின் நீளமும், விண்மீன்களின் இடமும் அதற்குக் கருவிகள். நாழிகை வட்டிலும் மணிக்கூடும் இவ்வழியிற் பிறந்தவை. கை செய்யும் தொழிலைக் கொண்டு பொழுதுக்குப் பெயரிடுவது மற்றொரு வழி. ஏர் பூட்டும் வேளை, மாடு அவிழ்க்கும் வேளை, விளக்கு வைக்கும் வேளை என்பன அவ்வாறு பிறந்த பெயர்கள். முதல் வழி அறிஞர்க்கும் அரசர்க்கும் உரியதாக வளர்ந்தது. இரண்டாவது வழி உழவர் வீட்டு முற்றத்திலும் தொழுவத்திலும் வளர்ந்தது. முதலாவதன் வரலாற்றை எழுதிய நூல்கள் பல. இரண்டாவதன் வரலாறு பெரும்பாலும் எழுதப்படாமலே போயிற்று.

அயர்லாந்து மக்களின் பழைய மொழியில் ‘அத்ரா’ என்றொரு சொல் உண்டு. காலையில் மேய்ச்சலுக்கு விட்ட பசுக்களை முற்பகலில் கூட்டிக் கொணர்ந்து பால் கறக்கும் நேரத்துக்கு அது பெயர். விடியல் கழிந்து நெடுநேரம் ஆகி, உச்சிப்பொழுது வருவதற்கு முன் உள்ள இடைவேளை அது. ‘அத்ரா வரை உறங்குதல்’ என்பது அம்மொழியில் சோம்பலைச் சுட்டும் ஒரு வழக்கு. தமிழ்ச் சிற்றூரில், வெயில் முதுகைச் சுடும் வரை தூங்குகிறான் என்று ஏசுவதை இதற்கு ஒப்பாகக் கூறலாம். ஆயினும் இரண்டிற்கும் நுண்ணியதொரு வேறுபாடு உண்டு. தமிழ் வழக்கு வெயிலைச் சாட்சிக்கு அழைக்கிறது. அயர்லாந்து வழக்கு கறவைப் பாத்திரத்தைச் சாட்சிக்கு அழைக்கிறது. மற்றையோர் எழுந்து, மாட்டை ஓட்டிச் சென்று, மீட்டுக் கொணர்ந்து, கறக்க உட்காரும் வேளையிலும் இவன் பாயில் கிடக்கிறான் என்பதே அதன் குத்தல்.

பசுவைக் கொண்டு பொழுதைக் கணக்கிட்ட அம்மக்கள் வேறு பலவற்றையும் பசுவைக் கொண்டே கணக்கிட்டனர். நாணயம் பெருவழக்காகாத காலத்தில் அவர்களுடைய பழஞ்சட்டங்கள் தண்டத்தையும் மதிப்பையும் கறவைப் பசுக்களின் எண்ணிக்கையால் உரைத்தன. பாதையைக் குறிக்கும் அவர்களது சொல்லே பசுவைக் குறிக்கும் சொல்லின் அடியாகப் பிறந்தது. பழந்தமிழில் ‘மாடு’ என்னும் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் உண்டு என்பதை அறிந்தவர்க்கு இது வியப்பன்று. கோடைக் காலத்தில் கால்நடைகளை மலைமேல் உள்ள மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டிச் சென்று, ஆங்குச் சிறு குடில்களில் தங்கிப் பால் கறந்து வெண்ணெய் எடுக்கும் வழக்கம் அயர்லாந்தில் நெடுங்காலம் நிலவியது. அப்பணியிற் பெரும்பகுதி பெண்களுக்கும் இளம் பிள்ளைகளுக்கும் உரியது. ஆகவே ‘அத்ரா’ என்பது பெண்களின் உழைப்பால் அளந்த பொழுது எனினும் பொருந்தும்.

இத்தகைய பெயர் அயர்லாந்துக்கு மட்டும் உரியதன்று. வடமொழி வேத நூல்கள் பகற்பொழுதை ஐந்தாகப் பகுத்து, அதில் இரண்டாம் கூறுக்குச் ‘சங்கவம்’ எனப் பெயரிட்டன. பசுக்கள் கறவைக்காக ஒன்று கூடும் வேளை என்பது அதன் பொருள். ஞாயிறு எழுந்து 6 நாழிகை கழிந்த பின் 12 நாழிகை வரை உள்ள காலம் அது. இன்றைய கணக்கில் ஏறத்தாழ எட்டரை மணி முதல் பத்தே முக்கால் மணி வரை எனலாம். ஐரோப்பாவின் மேற்குக் கோடியிலும் பாரத நாட்டிலும் வாழ்ந்த இரு மக்கள் கூட்டத்தார் முற்பகலின் ஒரே துண்டுக்கு ஒரே தொழிலைக் கொண்டு பெயரிட்டது சிந்திக்கத்தக்கது. கிரேக்கப் பெருங்காவியங்களில் எருதுகளை நுகத்திலிருந்து அவிழ்க்கும் வேளை என்ற பொருளில் ஒரு சொல் வருகிறது. பகல் சாயும் பொழுதைக் குறிக்க அது வழங்கியது. ஆபிரிக்காவின் நூயர் மக்களிடையே வாழ்ந்து ஆராய்ந்த இவான்ஸ் பிரிச்சார்ட் என்னும் அறிஞர் 1940ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், அம்மக்களுக்குக் கால்நடைகளின் அன்றாட நடைமுறையே மணிக்கூடாக விளங்கியது என்று எடுத்துக்காட்டினார்.

தமிழர் இவ்விரு வழிகளையும் ஒருங்கே பேணியவர்கள். தொல்காப்பியம் பொழுதைப் பெரும்பொழுது, சிறுபொழுது எனப் பகுத்து, சிறுபொழுதுகளை நிலங்களுக்கு உரிமையாக்கியது. ஆயர் வாழும் முல்லைக்கு மாலையும், உழவர் வாழும் மருதத்துக்கு வைகறையும் விடியலும் உரியன ஆயின. ஒவ்வொரு சிறுபொழுதும் 10 நாழிகை என்று பிற்காலத்தார் கணக்கிட்டனர். இது நூலோர் வகுத்த முறை. ஊரில் வழங்கிய முறை வேறு. கோழி கூவும் நேரம், வெள்ளி முளைக்கும் நேரம், சாணம் தெளிக்கும் நேரம், ஏர் பூட்டும் நேரம், கஞ்சி வேளை, மாடு திரும்பும் நேரம், விளக்கு வைக்கும் நேரம் என அது ஒரு நாளை நிறைத்தது. இப்பெயர்களைக் கேட்ட அளவில் அவ்வேளையில் யார் எங்கே என்ன செய்துகொண்டிருப்பர் என்பதும் தெரிந்துவிடும். பத்து மணி என்று சொன்னால் அது தெரியாது.

தொழிலின் பெயரால் வழங்கும் பொழுதுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. அது தொழிலுக்காகக் காத்திருக்கும். மழை பெய்து மாடு திரும்பத் தாமதமானால் கறவைப் பொழுதும் தாமதமாகும். கன்று நோயுற்றால் அது பிந்தும். கோடையில் அது முந்தும். மணிக்கூட்டின் நேரமோ எவருக்காகவும் காத்திராது. உழைப்பவன் தன் தொழிலைத் தானே ஆளும் இடத்தில் முதல்வகைப் பொழுது வாழ்கிறது. அவன் தன் நாளைப் பிறருக்கு விற்கும் இடத்தில் இரண்டாம் வகைப் பொழுது வந்து அமர்கிறது. இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதில் யாருக்கு என்ன இழப்பு நேர்ந்தது என்பதை அறியப் பெருநகரங்களையும் ஆலைகளையும் நாடிச் செல்லவேண்டியதில்லை. இலங்கையின் நடுவே மாத்தளை மாவட்டத்தில் உள்ள உக்குவளை என்னும் சிற்றூரின் வரலாறே அதற்குப் போதும்.

உக்குவளை மாத்தளை நகருக்குத் தெற்கே சுதுகங்கை பாயும் பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் புகையிரதப் பாதை 1880ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. உக்குவளை நிலையம் அப்பாதையில் உள்ளது. பள்ளத்தில் வயல்கள், சரிவில் மிளகும் கொக்கோவும் இறப்பரும், எல்கடுவைப் பக்கம் ஏறினால் தேயிலை. சிங்களரும் முஸ்லிம்களும் தமிழரும் அருகருகே வாழும் ஊர் அது. ஆகவே பொழுதை அறிவிக்கும் ஒலிகளும் அங்குப் பல. விகாரையின் முரசும், பள்ளிவாசலின் பாங்கொலியும், கோயில் மணியும், புகைவண்டியின் ஊதலும் ஒரே பள்ளத்தாக்கில் ஒலித்தன. முஸ்லிம் கமக்காரன் சுபஹு, லுஹர், அசர், மஃரிப், இஷா எனத் தன் நாளை ஐந்து தொழுகைகளால் நிறுத்திக்கொண்டான். சிங்கள உழவனுக்கு உச்சிக்கு முன் பிக்குமாருக்குத் தானம் கொண்டுசெல்லும் வேளை தவறக்கூடாத வேளையாக இருந்தது. இவை யாவும் ஊராரே அமைத்துக்கொண்ட நேரங்கள்.

இந்நாட்டில் மக்களுடைய நாட்களை அரசு கேட்டுப் பெறும் வழக்கம் புதியதன்று. கண்டி அரசர் காலத்தில் நிலம் பெற்றவன் அதற்கு ஈடாக இராசகாரியம் என்னும் சேவை செய்யவேண்டியிருந்தது. ஆங்கிலேயர் அதனை 1832ஆம் ஆண்டில் ஒழித்தனர். ஆயினும் 1848ஆம் ஆண்டில் அவர்களே தெருச் சட்டமொன்றைக் கொணர்ந்து, உடல்வலியுள்ள ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் தெரு வேலை செய்யவேண்டும், அன்றேல் பணம் கட்டவேண்டும் என விதித்தனர். பழைய சேவைக்கு நிலம் என்ற கைம்மாறு இருந்தது. புதிய ஆறு நாட்களுக்கு அவ்வாறான கைம்மாறு ஒன்றுமில்லை. வேறு பல வரிகளோடு இதுவும் சேர்ந்து மக்களின் சினத்தை மூட்டிற்று. அவ்வாண்டு யூலை மாத இறுதியில் மாத்தளையிற் கலகம் மூண்டது. அதன் தலைவருள் ஒருவரான புரன் அப்பு ஆகத்து மாதத்திற் சுட்டுக் கொல்லப்பட்டார். வரியைப் பற்றிய கலகம் என்றே வரலாறு இதனைக் குறிக்கிறது. தன் நாள் தனக்குரியது என்னும் எண்ணமும் அதனுள் அடங்கியிருந்தது எனலாம்.

அக்காலத்தில் மாத்தளை மலைகளிற் காப்பித் தோட்டங்கள் பெருகியிருந்தன. தன் வயலின் பருவத்தை விட்டுத் தோட்டக் கூலிக்கு வருவதற்குக் கண்டிச் சிங்கள உழவர் பெரும்பாலும் இசையவில்லை. ஆகவே தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து ஆட்களை வருவித்தனர். அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தனர். பசியாலும் நோயாலும் அவ்வழியில் மாண்டோர் மிகப் பலர். உயிர்பிழைத்து வந்தவர் காப்பிப் பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் ஊர் திரும்புவதே பெருவழக்கு. அவர்களுடைய ஆண்டு இன்னும் தமிழ்நாட்டு வயலின் ஆண்டாகவே இருந்தது. தம் ஊரில் விதைப்பும் அறுப்பும் இல்லாத மாதங்களையே அவர்கள் காப்பித் துரைமாருக்கு விற்றனர்.

இந்நிலையைத் தேயிலை மாற்றிற்று. 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தது. அதன் இடத்தில் வந்த தேயிலைக்கு அறுவடைப் பருவம் என்று ஒன்றில்லை. ஆண்டு முழுவதும் அது துளிர்க்கும். ஆண்டு முழுவதும் பறிக்கும் கைகள் வேண்டும். எனவே வந்தவர்கள் குடும்பத்தோடு லயங்களில் தங்கினர். ஊர் திரும்பும் பருவம் மறைந்தது. பருவம் மறைந்த பின் அன்றாடப் பொழுதும் மாறிற்று. இருள் பிரியுமுன் தப்பு முழங்கும். சில தோட்டங்களிற் கொம்பும் ஊதும். அவ்வொலி கேட்டு எழுந்தவர்கள் ஆறு மணியளவில் பிரட்டுக்களத்தில் வரிசையாக நிற்கவேண்டும். பிரட்டு என்பது அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் மருஉ. படைவீரர் கூடுவதற்கு வழங்கிய சொல்லே கொழுந்து பறிக்கும் பெண்ணின் விடியலுக்குப் பெயர் ஆயிற்று. வைகறை என்றும் கோழி கூவும் நேரம் என்றும் வழங்கிய நாவில் ‘பிரட்டு நேரம்’ என்ற சொல் ஏறி அமர்ந்தது.

பிரட்டுக்களத்தில் நடந்தது பெயர் பதிவு. கணக்கப்பிள்ளை செக்ரோல் என்னும் பதிவேட்டில் வந்தவர் பெயரைக் குறித்துக்கொள்வார். இதிலிருந்து மலையகத் தமிழில் ஒரு புதுப் பொருள் பிறந்தது. ‘பேர்’ என்றால் ஒரு நாள் வேலை, அதற்குரிய கூலி. ‘அரைப்பேர்’ என்றால் அரை நாட் கூலி. பிந்தி வந்தவருக்கும், குறித்த அளவு கொழுந்து நிறைக்காதவருக்கும் அரைப்பேர் கிடைத்தது. மாதத்தில் எத்தனை பேர் என்று கேட்டால், எத்தனை நாள் வேலை என்பது பொருள். தாய் தந்தையர் இட்ட பெயர் ஒரு மனிதனை முழுமையாகக் குறிப்பது. அதைப் பாதியாக வெட்ட எவராலும் இயலாது. தோட்டத்துக் கணக்கு அதையும் வெட்டிக் காட்டியது. இச்சொல்லை ஆக்கியவர் எந்த அறிஞரும் அல்லர். அதனை அனுபவித்த மக்களே. தம் நிலையை அவர்கள் அறிந்திருந்தனர் என்பதற்கு அச்சொல்லே சான்று.

பெரிய கங்காணிக்குத் தன் ஆட்களில் எத்தனை பேர் வேலைக்கு வந்தனர் என்பதைப் பொறுத்து நாளொன்றுக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆகையால் லயத்திலிருந்து ஆட்களை எழுப்பி அனுப்புவதில் அவனுக்கும் ஆதாயம் இருந்தது. நாளின் நடுப்பகுதியைக் கொழுந்தின் நிறுவை பகுத்தது. காலைக் கொழுந்து, பகற் கொழுந்து, அந்திக் கொழுந்து என்ற பெயர்கள் தொழிலின் பெயர்களைப் போலத் தோன்றினும், அவை தராசு வைக்கும் நேரத்தைக் குறித்தவை. பறிப்பவரின் வசதியைக் குறித்தவை அல்ல. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே உணவு வேளை உட்பட ஒன்பது மணியை ஒரு நாள் வேலையென வரையறுத்தது. ஆகவே மணிக்கூடு தொழிலாளிக்குப் பகை மட்டுமன்று என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். இருட்டிலிருந்து இருட்டு வரை என்று நீண்ட வேலைக்கு எல்லை கோலியதும் அதுவே. அந்தச் சட்டத்தின்படி 1929இல் வந்த கூலி வீதம் மலைநாட்டின் உயர்பகுதியில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். ஒன்பது மணி நேரம் அனைவருக்கும் ஒன்று. அதன் விலை மட்டும் ஆளுக்கு ஆள் வேறாக இருந்தது. ஆண் பெண் கூலி சமமாவதற்கு 1984ஆம் ஆண்டு வரை காத்திருக்கவேண்டியதாயிற்று.

மணிக்கூட்டை ஆள்பவர் விடியலையும் ஆளலாம் என்பதை அசாம் தேயிலைத் தோட்டங்கள் இன்னும் வெளிப்படையாகக் காட்டுகின்றன. அங்குத் தோட்டத்து மணிக்கூடு இந்திய நேரத்துக்கு ஒரு மணி முன்னதாக ஓடும். ‘பாகான் நேரம்’ என்பது அதன் பெயர். இலங்கையில் 1906ஆம் ஆண்டு வரை கொழும்பின் சூரியக் கணக்கே வழங்கியது. அவ்வாண்டு முதல் கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முந்திய பொது நேரம் வந்தது. அயர்லாந்துக்கும் இத்தகைய ஓர் ஆண்டு உண்டு. டப்ளின் நேரம் கிரீனிச்சுக்கு 25 நிமிடம் 21 வினாடி பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. 1916ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டம் இயற்றி அதை ஒழித்து, கிரீனிச்சு நேரத்தையே அயர்லாந்துக்கும் ஆக்கிற்று. அத்ராவுக்கு இதனால் ஒரு குறையும் நேரவில்லை. பசுவின் மடி சட்டத்தைக் கேட்டுச் சுரப்பதில்லை.

உக்குவளையிலும் சட்டத்துக்கும் சங்குக்கும் பணியாத ஒரு பொழுது இருந்தது. அது இறப்பர் மரத்தின் பொழுது. இறப்பர் இந்நாட்டுக்குப் புதிய மரம். 1876ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டிலிருந்து விதைகளை இலண்டனுக்கு அனுப்பி, கியூ தோட்டத்தில் முளைக்கச் செய்து, ஏறத்தாழ 1,900 நாற்றுகளை இலங்கைக்கு அனுப்பினர். கம்பகாவுக்கு அண்மையில் உள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் அவை வளர்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டியின் சக்கரம் சுழலத் தொடங்கியதும் இறப்பர் நாடெங்கும் பரவி மாத்தளைச் சரிவுகளிலும் ஏறிற்று. அயல்நாட்டு மரத்தைக் கண்ட மக்கள் அதன் தொழிலுக்குத் தம் பழைய சொல்லையே கொடுத்தனர். தமிழில் பால் வெட்டுதல் என்றனர்; சிங்களத்திலும் ‘கிரி கப்பனவா’, அதாவது பால் வெட்டுதல் என்றே வழங்கினர். கீறிய வடுவில் ஒட்டி உலரும் பாலைத் தமிழர் ஒட்டுப்பால் என்றனர். அச்சொல் ‘ஒட்டபாலு’ என்று சிங்களத்திலும் புகுந்தது. இரு மொழியாரும் இந்த மரத்தைக் கண்டவுடன் மாட்டுத் தொழுவத்தை நினைவுகூர்ந்தனர் எனலாம்.

அந்த நினைவு வெறும் உவமையன்று. இறப்பர் மரத்தின் பட்டையில் உள்ள பால் நாளங்கள் இரவில் நீரேறி விம்மி நிற்கும். விடியற்காலையில் கீறினால் பால் விரைந்து ஒழுகும். வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்கியதும் அவ்விறுக்கம் தளர்ந்து ஒழுக்கும் குறையும். ஆகவே பால் வெட்டுபவர் முதல் வெளிச்சத்திலேயே மரத்தடியில் நிற்கவேண்டும். ஒருவர் 250 முதல் 300 மரங்கள் வரை வெட்டுவார். கத்தியால் பட்டையை மெல்லிய சீவலாகச் சீவி, மரத்தை ஊனப்படுத்தாமல் பாலை மட்டும் வடிக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் ரிட்லி என்பார் செம்மைப்படுத்தினார். சீவல் ஆழ்ந்தால் மரம் புண்படும். மேலோடு நின்றால் பால் குறையும். வெட்டி முடித்த பின், சிரட்டைகளில் பால் நிறையும் வரை காத்திருக்கவேண்டும். இரண்டு மூன்று மணி கழிந்து, முற்பகல் பத்து மணியளவில் வாளியோடு மீண்டும் மரம் மரமாகச் சென்று பால் எடுக்கவேண்டும். அந்தப் பால் எடுக்கும் வேளை அத்ராவின் வேளையே, சங்கவத்தின் வேளையே. ஒன்று பசுவின் மடியிலிருந்து, மற்றொன்று மரத்தின் பட்டையிலிருந்து என்பதே வேறுபாடு.

இப்பொழுதைத் துரையாலும் மாற்ற இயலவில்லை. நண்பகலில் வெட்டுமாறு ஆணையிட்டால் பால் வராது. மழை பெய்து பட்டை நனைந்தால் பால் சிரட்டையில் வீழாமல் மரத்தில் வழிந்து வீணாகும். அன்றைக்கு வெட்டு இல்லை. எனவே விடியலில் வானத்தைப் பார்த்து வெட்டலாமா, காத்திருக்கலாமா எனத் தீர்மானிக்கும் அறிவு கணக்கப்பிள்ளையின் கடிகாரத்தைவிடப் பெறுமதி உடையதாக இருந்தது. ஆயினும் இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலையும் இருந்தது. பசுவை உடையவனுக்கு மழை நாளில் கறவை பிந்தும், அவ்வளவே. கூலிக்கு வெட்டுபவருக்கோ மழை நாளில் பால் வெட்டுக்குரிய பேர் விழாது. வேறு வேலை கொடுத்தால் உண்டு. ஒரே மழை ஒருவருக்குத் தாமதமாகவும் மற்றொருவருக்குப் பட்டினியாகவும் பெய்தது. பொழுதின் பெயர் பழைய பெயராக இருப்பினும், பால் யாருடையது என்ற கேள்வி அதன் பொருளை மாற்றிவிட்டது. 1952ஆம் ஆண்டில் இலங்கை சீனாவோடு செய்த உடன்படிக்கையின்படி இந்நாட்டு இறப்பர் கப்பலேறிச் சென்றது; அதற்கு ஈடாக அரிசி வந்தது. நாட்டின் சோற்றுக்கு விடியற்காலத்துப் பால் வெட்டு இவ்வாறு துணைநின்றது.

உக்குவளைத் தோட்டங்களில் மூன்றாவது கறவைப் பொழுதொன்றும் இருந்தது. அதைக் குறிக்கத் தயங்குவதற்குக் காரணமில்லை. கைக்குழந்தை உடைய பெண் பிரட்டுக்கு முன் தண்ணீர் சுமந்து, அடுப்பு மூட்டி, உணவு ஆக்கி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு மலைக்கு ஏறுவாள். காலைக் கொழுந்து நிறுத்த பின், அல்லது தேநீர் வேளையில், அவள் சரிவில் இறங்கி ஓடிப் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு மீண்டும் ஏறுவாள். பசுவுக்குப் பொழுது உண்டு. மரத்துக்குப் பொழுது உண்டு. பிள்ளையின் பசிக்கும் பொழுது உண்டு. முதல் இரண்டையும் கணக்கு ஏற்றுக்கொண்டது. மூன்றாவதை அது நெடுங்காலம் இடைவேளையாகவே கருதிற்று. செக்ரோலில் அதற்கு நிரல் இல்லை. பிரட்டு, நிறுவை, பேர், அரைப்பேர் எனத் தோட்டத்து நாளில் சொற்கள் பல இருந்தும், தாய் சரிவில் இறங்கி ஓடும் அந்த வேளைக்குப் பதிவேட்டில் ஒரு பெயரும் ஏறவில்லை. எந்தப் பொழுதுக்குப் பெயர் உண்டு, எதற்குப் பெயர் இல்லை என்று பார்த்தாலே அச்சமுதாயம் எவருடைய உழைப்பை எண்ணிற்று, எவருடைய உழைப்பை எண்ணாது விட்டது என்பது விளங்கும்.

உக்குவளைக்கும் மணிக்கூட்டுக்கும் பின்னர் வேறொரு தொடர்பு ஏற்பட்டது. மகாவலி கங்கையின் நீரைப் பொல்கொல்லையில் தடுத்து, மலையைக் குடைந்த சுரங்கவழியாகக் கொணர்ந்து, உக்குவளையில் மின்சாரம் எடுத்துச் சுதுகங்கையில் விடும் திட்டம் 1976ஆம் ஆண்டில் நிறைவேறியது. வடக்கே உள்ள வறண்ட வயல்களுக்கு அந்நீர் பாய்ந்தது. இருபது ஆண்டுகள் கழிந்து, 1996ஆம் ஆண்டில், வறட்சியால் நீர்த்தேக்கங்கள் வற்றின. மின்சாரத்தைச் சிக்கனப்படுத்த அரசு அவ்வாண்டு மே மாதத்தில் நாட்டின் மணிக்கூடுகளை ஒரு மணி முன்னே நகர்த்தியது; ஒக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தது. 2006ஆம் ஆண்டு ஏப்பிரலில் பழைய ஐந்தரை மணிக் கணக்கு மீண்டும் வந்தது. அந்தப் பத்தாண்டும் பாடசாலை மணியும் அலுவலக மணியும் புதிய கணக்கில் அடித்தன. இறப்பர் மரமோ முன்போலவே விடியலில் சுரந்து, வெயிலில் அடங்கியது. ஊருக்கு மின்விளக்கு தந்த அதே நீர் குறைந்தபோது மணிக்கூடு தடுமாறியதும், எழுத்தறியாத மரம் தடுமாறாது நின்றதும் நினைவில் வைக்கத்தக்கன.

இப்பொழுதுகளின் பெயர்கள் மக்களோடு பயணம் செய்தன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆன தோட்டத் தமிழரில் 525,000 பேரை இந்தியா ஏற்பதெனவும், 300,000 பேரை இலங்கை ஏற்பதெனவும் 1964ஆம் ஆண்டில் இரு நாட்டுத் தலைவர்கள் உடன்பட்டனர். அதன்படி கப்பலேறியவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலும், கன்னியாகுமரி மாவட்டத்து அரசு இறப்பர்த் தோட்டங்களிலும் குடியேறினர். பெட்டியும் படுக்கையும் எடுத்துச் சென்றவர்கள் பிரட்டையும் பேரையும் தம் நாவில் எடுத்துச் சென்றனர். பாட்டன் தமிழ்நாட்டிலிருந்து ஏர் பூட்டும் நேரம் என்ற சொல்லோடு மாத்தளைக்கு நடந்து வந்தான். பேரன் பிரட்டு என்ற சொல்லோடு தமிழ்நாட்டுக்குத் திரும்பினான். இவ்விரு சொற்களுக்கும் இடையே உள்ள தூரமே ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு.

இத்தகைய சொற்கள் நூலில் ஏறாவிடில் தொழிலோடு சேர்ந்து மறையும். அயர்லாந்து இதனை உணர்ந்து ஒரு வழி கண்டது. 1937 முதல் 1939 வரை அந்நாட்டில் ஏறத்தாழ 5,000 பாடசாலைகளைச் சேர்ந்த 50,000 அளவிலான சிறுவர் சிறுமியர் தம் பாட்டன் பாட்டிமாரிடமும் அயலவரிடமும் சென்று, ஊர் வழக்குகளையும் தொழில்களையும் கதைகளையும் கேட்டுக் கொப்பிகளில் எழுதினர். நாட்டார் வழக்காற்று ஆணைக்குழு அவற்றைத் தொகுத்துக் காத்தது. பேராசிரியர் பலரால் ஆகாத பணி பிள்ளைகளின் பென்சிலால் ஆயிற்று. உக்குவளையைச் சூழ்ந்த பாடசாலைகளிலும் மூன்று வழிவந்த பிள்ளைகள் படிக்கின்றனர். பால் வெட்டிய பாட்டியும், பிரட்டுக்களத்தில் நின்ற பாட்டனும், தானம் கொண்டுசென்ற முதியவளும், சுபஹுக்கு எழும் பெரியவரும் அவர்கள் வீடுகளில் உள்ளனர். கேட்பதற்கு ஒருவர் இருந்தால் சொல்வதற்கு அவர்கள் உண்டு.

அவ்வாறு கேட்கும் பிள்ளை முதலிற் கேட்கவேண்டியது எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்பதன்று. அந்த நேரத்துக்கு வீட்டில் என்ன பெயர் என்பதே கேள்வி. தாய் சரிவில் இறங்கி ஓடிய வேளைக்கு எந்த லயத்திலேனும் எவளேனும் ஒரு பெயர் வைத்திருந்தால், கணக்கப்பிள்ளை எழுதாத அந்தச் சொல் பிள்ளையின் கொப்பியில் முதன்முறையாக எழுதப்படும்.